குறைமாதக் குழந்தைக்குக் கண்ணாடி ஏன்?

ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து கோவிலை விட்டு வரும்போது, அம்மாவின் இடுப்பில் இருந்த என் தம்பியைப் பார்த்து ஒரு பாட்டி, "ஐயோ பாவம், இரண்டு வயது ஆகுமுன்னே கண்ணாடியா? பிறந்ததும் கண்ணில் ஏதோ லேசர் வைத்தார்களாமே, அதனால்தான் கெட்டுப்போயிற்றோ?" என்று கேட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை பேசவும் இல்லை. அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலே இக்கட்டுரை.

தாயின் வயிற்றில் ஏறக்குறைய 16-ஆவது வாரத்தில்தான் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. அவை கண்ணின் பின்புறத்திலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லப் பரவுகின்றன. மாதம் நிறையும் தறுவாயில்தான் அவ்வேலை முடிகிறது. பத்து வாரம் முன்னதாகப் பிறந்துவிடும் குழந்தைக்கோ ஓரப்பகுதியில் இரத்தக் குழாய்களே இரா. பிராணவாயு போதாமல் தவிக்கும் அப்பகுதி, குழாய்களை வளரத் தூண்டும் ஒரு வேதிப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் முறையற்ற குழாய்கள் முளைத்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும். அப்படிப் பிரிந்தால் பார்வை பறிபோகும்.

இந்நோயை 1942-இல் பாஸ்டன் நகர மருத்துவர் தியோடர் டெரி முதன்முதலில் விவரித்தார். உயிரைக் காக்க அளவின்றிக் கொடுக்கப்பட்ட பிராணவாயுவும் இதற்கு ஒரு காரணம் என்று 1951-இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் காம்ப்பெல் சுட்டிக்காட்டினார். 1950-இல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இந்நோயால்தான். அக்காலத்தில் லேசர் சிகிச்சை இல்லை.

இன்று, குழாய் வளராத ஓரப்பகுதியை லேசர் ஒளியால் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டுவிடுகிறார்கள். வேதிப்பொருள் சுரப்பது குறைகிறது. முறையற்ற குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. ஓரத்துப் பார்வையில் சிறிது கொடுத்து, நடுப்பார்வையைக் காப்பாற்றுவதே இச்சிகிச்சை.

அப்படியானால் கிட்டப்பார்வை ஏன் வருகிறது? விழிக்கோளம் நீண்டுவிடுவதால் வருகிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இக்குழந்தைகளுக்கோ பெரும்பாலும் கண்ணின் முன்பகுதிதான் முழு வளர்ச்சி அடைவதில்லை. கார்னியா அதிகமாக வளைந்தும், லென்ஸ் தடித்தும் இருப்பதால், ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. நோய் கடுமையாக இருந்த கண்ணில் கிட்டப்பார்வையும் அதிகம். லேசர் செய்யாத குறைமாதக் குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. சிகிச்சை பெற்ற குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, மூன்று வயதுக்குள் 100 கண்களில் ஏறத்தாழ 70-இல் கிட்டப்பார்வை இருந்தது. கண்ணுக்குள் மருந்தை ஊசியால் செலுத்தும் முறையில் இது குறைவாக வருகிறது. ஆனால் அம்முறையில் நோய் காலம் கடந்து திரும்பக்கூடும். ஆகவே, பாட்டி சொன்னதில் லேசருக்கும் சிறிது பங்கு இருக்கலாம். ஆனால் லேசர் கண்ணைக் கெடுக்கவில்லை, குருட்டிலிருந்து காத்தது.

கண்ணாடியை வளர்ந்த பிறகு போட்டால் போதாதா என்பார்கள். போதாது. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. அது கற்கும் காலம் குழந்தைப் பருவம். அப்போது மங்கலான உருவமே கிடைத்தால், கண் நலமாக இருந்தும் பார்வை மந்தமாகிவிடும்.

பெற்றோர்களே! நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ, 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையின் கண்ணைப் பிறந்த 30 நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பாகவே. வெளிப்பார்வைக்கு எந்த அறிகுறியும் தெரியாது. லேசர் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாமல், மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் செல்லுங்கள்.

கண்ணாடி போட்ட அன்று, என் தம்பி மதிற்சுவர்மேல் இருந்த காகத்தை முதன்முறையாகக் கைநீட்டிக் காட்டினான். டிசம்பர் 13, கண்களின் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள். அன்று நாம் மன்றாடுவோம். கண்ணாடி அணிந்த குழந்தையைக் கண்டால் 'ஐயோ பாவம்' என்னாமல், 'நன்றாகத் தெரிகிறதா, கண்ணே?' என்று கேட்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி