பழைய வால்வுக்குள் புதிய வால்வு

பேழையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வால்வுகள் உள்ளன. வெளியே உள்ளது மாட்டின் இதய உறைச் சவ்வில் செய்தது, நெஞ்சைத் திறந்து பொருத்துவது. அதன் விளிம்பு வளையத்தில் சுற்றியிருப்பது பாலியெஸ்டர் துணி. நைட்டி தைக்கும் தளவாய்புரத்தாரும் பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியாரும் சற்றுக் குனிந்து பார்க்கலாம்: வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைப்பது இந்தத் துணியில்தான்.

சவ்வு வால்வு பெரும்பாலும் 10, 15 ஆண்டுகளில் சுண்ணாம்பு படிந்து இறுகும். இல்லையேல் கிழிந்து ஒழுகும். வயதும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தவருக்கு நெஞ்செலும்பை மறுபடி அறுப்பது ஆபத்து. முதல் அறுவையின் தழும்பில் இதயமே எலும்போடு ஒட்டியிருக்கக்கூடும்.

2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலைன் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியே பெருந்தமனி வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதே வழிதான் பின்னர் பழுதான சவ்வு வால்வுக்கும் உதவியது. கதவைக் கழற்றாமல் அதே நிலைக்குள் புதுக் கதவு மாட்டுவது போல, பழைய வளையமே உள்ளே விரியும் புதியதைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இடம் குறுகும் என்பதால், முதல் வால்வே சிறிதாக இருந்தால் சிக்கல். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனம் செய்யும் மைவால் இவ்வகை இந்திய வால்வு.

இவற்றின் பக்கத்தில் தனியே இருப்பது, இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானின் குழு திருவனந்தபுரத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதலில் பொருத்திய சித்திரா வால்வு. உலோகக் கூண்டில் சாய்ந்தாடும் பிளாஸ்டிக் வட்டு, எளிதில் தேயாது. ஆனால் அதற்குள் இன்னொன்றை விரிக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் வாழ்நாள் முழுதும் வேண்டும்.