செவிடு என்னும் சிற்றளவை

அத்திப்பட்டை அடுத்துள்ள காமராசர் துறைமுகத்தில் ஏற்றி இறக்கப்பெறும் சரக்குப் பெட்டகங்களுள் இருபதடி நீளத்தனவும் நாற்பதடி நீளத்தனவும் பெருவழக்கின. இருவகைக்கும் அகலம் எட்டடியே. ஆதலின், இருபதடிப் பெட்டகம் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியே ஆயினும், நாற்பதடிப் பெட்டகத்தினுள் புகாது. கொள்ளளவு அடங்குதல் வேறு. கலன் அடங்குதல் வேறு. நம் முகத்தலளவைப் பெயர்களுக்குப் பொருள் காண்போர் இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் உண்டு.

மரபு வாய்பாட்டின்படி எட்டு நாழி ஒரு மரக்கால். நாழியிற் பாதி உரி. உரியிற் பாதி உழக்கு. உழக்கிற் பாதி ஆழாக்கு. இப்பெயர்களின் தொன்மைக்குத் தொல்காப்பியமே சான்று. நாழியும் உரியும் புணர்ந்து ‘நாடுரி’ என்றாதலை உயிர்மயங்கியல் விதந்து கூறுகின்றது.

இனி, இக்கலன்கள் யாவும் ஒரே வடிவின எனக் கொள்வோம். நாழியின் உயரம் பத்து விரலாயின் உரியின் உயரம் ஐந்து விரல் அன்று, ஏறத்தாழ 7.94 விரலாகும். உயரம், அகலம், ஆழம் என்னும் மூன்றும் ஒருங்கு குறைதலின், ஒவ்வொன்றும் சிறிதே குறைந்தாலும் கொள்ளளவு பாதியாகிவிடும். உழக்கு 6.30 விரல். ஆழாக்கில்தான் உயரம் சரியாக ஐந்து விரலாகின்றது. அதன் கொள்ளளவோ எட்டில் ஒன்று. மரக்காலுக்கும் நாழிக்கும் உள்ள உறவும் இதுவே. எனவே மரக்கால், நாழி, ஆழாக்கு என்னும் மூன்றும் நீட்டலளவில் ஒன்றற்கொன்று இரட்டியாய் நிற்கின்றன. முன்னோர் இதனைக் கருதியே எட்டு என வகுத்தனர் என்று துணிதற்குச் சான்றில்லை. மும்முறை பாதியாக்கினாலும் எட்டே வரும் அன்றோ?

மேற்கூறிய கலன்கள் நேரிய உருளையாயின் ஒன்றனுள் ஒன்று அடங்கும். இடை சுருங்கிய படியாயின், சுருக்கம் மிகுந்தவழி உரி அதனுள் நுழையாது. கொள்ளளவு விகிதம் மட்டும் சிறிதும் மாறுவதில்லை.

இவ்வரிசையின் கடைசி ஆழாக்கு அன்று. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்பது வாய்பாடு. இரண்டிரண்டாகப் பகுத்து வந்த முறை இங்கு ஐந்தாகப் பிறழ்கின்றது. காரணம், செவிட்டைக் கலனால் வரையறுக்காமல் 360 நெல் என எண்ணால் வரையறுத்தமையே எனத் தோன்றுகின்றது. நாற்பது செவிடு ஒரு நாழி. 360-ஐ நாற்பதால் பெருக்க 14,400. நாழி ஒன்றுக்கு நெல் 14,400 என்று வழங்கும் பழங்கணக்கும் இதுவே. செவிட்டிற்கு ஒரு கலன் செய்யின், முற்கூறிய வடிவில் அதன் உயரம் 2.92 விரலாகும்.

ஆயின் 360 என்பது நெல்லுக்கே உரிய எண். நாழிக்கு மிளகு 12,800 என்றும் அரிசி 38,000 என்றும் எள் 1,15,000 என்றும் அம்மரபே கூறுதலின், ஒரு செவிடு மிளகு 320, அரிசி 950, எள் 2,875. எண்கள் யாவும் மிச்சமின்றி வகுபடுதல் கண்டு, செவிட்டளவில் எண்ணியே நாழிக்கணக்கு வகுத்தனர் எனக் கூற மனம் விழையும். அது பொருந்தாது. இருநூற்றின் மடங்காகிய எவ்வெண்ணும் நாற்பதால் வகுபடும். இவையனைத்தும் அத்தகைய முழுவெண்களே.