அரட்டைக்கும் சொந்தத் தபாலாபீஸ்

மட்டாஞ்சேரியில் போட்ட கடிதம் கொழும்பில் பட்டுவாடா ஆகிறது. இரு நாட்டுத் தபால் இலாகாக்களும் வேறு வேறு. 1874-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்பாடு அவற்றை இணைக்கிறது. நம் ஊர் வாட்ஸ்அப்பில் அப்படியல்ல. எழுதுபவர், பெறுபவர் இருவருக்கும் அதே கம்பெனியில் கணக்கு வேண்டும்.

2014-ல் தோன்றிய 'மேட்ரிக்ஸ்' முறை இக்குறையைப் போக்குகிறது. ஒரு சங்கமோ, கடையோ சொந்தமாக 'சர்வர்' வைத்துக்கொண்டு, பிற சர்வர்களில் உள்ளோருடன் பேசலாம். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கு 2019-ல் இம்முறையிலேயே ஒரு சேவையைத் துவக்கியது.

அமைப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று. சர்வருக்கு முதலில் இடும் பெயரே எல்லோருக்கும் விலாசமாகும். பிறகு மாற்ற இயலாது. பிற சர்வர்கள் வந்து சேரும் வாசல், வழக்கமாக 8448 என்ற எண்ணுடையது, திறந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று விட்டால் விஷமிகள் புகுந்துவிடுவர்.

2023 மே மாதம் மத்திய அரசு 14 செயலிகளைத் தடை செய்தது. மேட்ரிக்ஸில் பேச உதவும் 'எலிமெண்ட்' அவற்றில் ஒன்று. இதை எதிர்த்து, காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்திலுள்ள கேரள ஹைகோர்ட்டில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர்.

ஒரு கம்பெனி கதவடைத்தால் அதன் வாடிக்கையாளர் எல்லோரும் தெருவில் நிற்பர். சொந்த சர்வர் உள்ளவரோ வேறு செயலி மூலம் அதே விலாசத்தில் பேச்சைத் தொடரலாம்.