குறிஞ்சிப் பறையும் ஒலித்துணுக்கு வாணிகமும்

தொல்காப்பியர் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையை உரியதாகக் கூறினர். எனவே ஒலியை நிலத்தினின்றும் மக்களினின்றும் பிரியாததாகப் பண்டையோர் கொண்டனர் எனலாம். இணையத்தில் முழவோசைகளைத் துணுக்குகளாக விற்கும் இக்கால வாணிகத்தில் அக்கொள்கை நிற்குமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1980இல் ரோஜர் லின் வெளியிட்ட எல்.எம்.-1 என்னும் தாளப்பொறி, மெய்யான முழவுகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இயங்கியது. இன்றோ, ஒலிவாங்கியும் கணிப்பொறியும் உடையார் இல்லத்திலிருந்தே இத்தகைய தொகுப்பை ஆக்கலாம். கோடைக்கானலை உள்ளடக்கிய பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் வாழும் பறைக்கலைஞர் ஒருவரைக் கொள்வோம். அவர் தோலைத் தீயிற் காய்ச்சி, அடிக்குச்சியாலும் சிண்டுக்குச்சியாலும் எழும் ஒவ்வோர் அடியையும் மென்மை வன்மை வேறுபடத் தனித்தனியே பதிதல் வேண்டும். இசையமைப்பாளர் அவற்றை வாங்கி வேண்டியவாறு கோப்பர்.

இவ்வாணிகத்தில் பெரும்பாலும் ஒருமுறை விலையே உண்டு. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் பாடலொன்றில் கிரகரி கோல்மன் முழக்கிய சில நொடி முழக்கம் பல்லாயிரம் பாடல்களில் எடுத்தாளப்பட்டது. அவரோ அதற்கு உரிமைத்தொகை பெறாமலே 2006இல் மறைந்தார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிகழ்த்துநர்க்கு உரிமையையும், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வணிகப் பயனுக்கு உரிமைத்தொகையையும் வகுத்தது. ஆயின் இசைத்தவர் இன்னார் என்பது தெரியாவிடின் அவ்வுரிமையைக் கோருவார் யார்?

ஆகவே இசைத்தவர் பெயர், ஊர், அவ்வடி வழங்கும் சூழல் ஆகியன தொகுப்பொடு பொறிக்கப்பெறுதல் வேண்டும். இயலுமிடத்து இசைத்தவரே விற்பவராதலும் வேண்டும். நிலத்தொடு ஒலியை இணைத்துக் காட்டும் கருப்பொருட் கொள்கை, இங்குக் கலைஞரின் உரிமைக்குச் சான்றாகவும் பயன்படும் என்பது நம் துணிபு.