யார் பையன்? நகையும் வழக்கும்

மணமாகாத இளைஞன் ஒருவன். அவன் உள்ளங்கவர்ந்த நங்கை ஒருத்தி. இவ்விருவர்க்கும் இடையே எங்கிருந்தோ ஒரு சிறுவன் வந்து நின்று, அவ்விளைஞனை ‘அப்பா’ என்று அழைக்கின்றான். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யார் பையன்’ என்னும் திரைப்படத்திற்கு வித்து இவ்வளவே. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் காதலராய்த் தோன்றினர். சிறுவனாய் நடித்தவர் டெய்சி இரானி என்னும் சிறுமி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் இப்படத்தில் நடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மறைந்தார்.

இக்கதை தமிழில் முளைத்ததன்று. 1954இல் வங்காளத்தில் இதே வினாவையே பெயராகக் கொண்டு ‘சேலே கார்’ என ஒரு படம் வந்தது. அடுத்த ஆண்டு அது இந்தியில் ‘பந்திஷ்’ ஆயிற்று. அங்கே அசோக் குமாரும் மீனா குமாரியும் காதலர், பிள்ளை அதே டெய்சி இரானி. கடல் கடந்து நோக்கின், 1939இல் வந்த ‘பாச்சலர் மதர்’ என்னும் அமெரிக்கப் படத்தில் கடைப்பெண் ஒருத்தி, அநாதை இல்லத்து வாயிலில் கிடந்த குழவியை எடுத்த குற்றத்திற்காகத் தாயாகிவிடுகின்றாள். அவள் மறுக்க மறுக்க ஊரார் நம்பிக்கை உறுதிப்படுகின்றது.

நகைச்சுவைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நிலைக்களன் நான்கு வகுத்தார் தொல்காப்பியர். நம் படங்களிற் பல எள்ளலோடு நின்றுவிடும்; ஒருவனை அடிப்பதும் வீழ்த்துவதுமே அவற்றுக்கு நகை. ‘யார் பையன்’ இளமையின்பாற் பிறந்த நகை. பிள்ளை பொய் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைச் சொல்கின்றான். இளைஞனோ, மறுத்தால் ஈரமற்றவன், ஏற்றால் காதலியின் ஐயத்திற்கு இலக்கானவன். இந்த இக்கட்டினைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். ஆனால் நம் நெஞ்சு நாடுவது அவன் குற்றமற்றவன் என்னும் தீர்ப்பையன்று; சிறுவன் கையை அவன் விட்டுவிடலாகாதே என்பதைத்தான்.

காப்பியம் பயின்றார்க்கு இது புதிதன்று. இறந்த தன் மகவை இடுகாட்டிற்குக் கொணர்ந்த வணிகன் கந்துக்கடன், அங்கே கிடந்த சீவகனைக் கண்டெடுத்து மனைக்கு மீண்டான். ஒரு பிள்ளையை இழந்த கையே ஒரு பிள்ளையை ஏந்திய அவ்விடத்தைத் திருத்தக்கதேவர் நெடிது அழவைக்காமல் நடத்திச் செல்வது வியத்தற்குரியது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை வேறு. தாய் கைவிட்ட குழவிக்கு ஏழு நாள் பசு பாலூட்டியது. அந்தணன் ஒருவன் எடுத்து வளர்த்தான். வேள்விப் பசுவை ஆபுத்திரன் காக்க முற்பட்டபோது பிறப்புச் சொல்லிப் பழித்தது ஊர்; வளர்த்தவனும் கைவிட்டான். ‘யார் பையன்’ என்னும் சொல் அங்கே நகையன்று, வசை.

அது சட்டமாகவும் ஆகக்கூடும் என்பதைப் பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாத் தோட்டத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்தவரை நோக்கிக் கேட்டது இதனையே: உன் தந்தை இத்தீவிற் பிறந்தவரா? அன்றேல் தந்தையின் தந்தையும் அவர்தம் தந்தையும் இங்கே பிறந்தவர்களா? லயத்துக் காம்பராவிற் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவர்க்குத் தந்தை யாரென்று தெரியும். அவர் பிறந்ததற்கு ஏடு மட்டும் இல்லை.

அதே சட்டத்தில் வேறொரு பிரிவும் உண்டு. பெற்றோர் யாரென்று அறியவொண்ணாத நிலையில் கண்டெடுக்கப்பட்ட குழவி, மாறாக நிறுவப்படும் வரை வம்சாவழிப் பிரஜையாகவே கொள்ளப்படும். நல்ல விதிதான், எனினும் அருகில் வைத்துப் பார்க்க. வீதியிற் கண்டெடுத்த பிள்ளைக்கு நாடு உண்டு; தந்தை மடியில் அமர்ந்திருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லை. எந்தத் திரைக்கதையாசிரியர் இத்தகைய திருப்பத்தை எழுதத் துணிவார்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எண்ணிக் கொடுத்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருப்பே.

ஏடு கிடைத்துவிட்ட இந்நாளிலும் எதிர்பாராப் பெற்றோர் லயங்களில் குறையவில்லை. தாய் வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போய்விட, அறுபது வயதிற் கைக்குழந்தையோடு மீண்டும் தொடங்கும் அப்பாயிகளும் அம்மாயிகளும் பலர். பெரட்டுக்கு நேரமாகிறதே என்று விடியலில் பிள்ளைக்காம்பராவிற்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோரும் அவர்களே. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ‘உன் அம்மா பெயர் என்ன?’ என்று ஆசிரியர் கேட்க, பின்னால் நிற்கும் கிழவியைத் திரும்பிப் பார்க்கின்றது பிள்ளை.