வார்டின் நான்கெல்லை

பத்திரத்தில் ஒரு மனைக்குச் சக்குபந்தி எழுதும்போது இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கு பக்கமும் சொல்லப்படுவதைப் போலவே, தமிழ்நாட்டு உள்ளாட்சி வார்டுகளுக்கும் தெருவையும் ஓடையையும் இருப்புப் பாதையையும் அடையாளமாகக் காட்டி எல்லை எழுதப்படுகிறது. மனை எத்தனை கை மாறினாலும் அதன் எல்லை மாறுவதில்லை. வார்டின் எல்லையோ, அதற்குள் குடியிருப்போரின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வருவதால், அவ்வப்போது இடம்பெயர்ந்தாக வேண்டியிருக்கிறது. அவ்வாறு வார்டுகளின் எண்ணிக்கையையும் எல்லையையும் திருத்தி எழுதும் பணியே வார்டு மறுவரையறை எனப்படுகிறது.

இதற்கான அடிப்படை, 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது அரசமைப்புத் திருத்தங்களில் இருக்கிறது. ஊராட்சிகளைப் பொறுத்தவரை, ஒரு தொகுதியின் மக்கள்தொகைக்கும் அதற்குரிய இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்றவரை, அந்த ஊராட்சிப் பரப்பு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 243சி பிரிவு கூறுகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் (1994) இதற்கு எண் வடிவம் கொடுத்து, ஊராட்சி ஒன்றியத்தில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு வார்டு, மாவட்ட ஊராட்சியில் ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒரு வார்டு என்று அளவு வைத்தது. 'இயன்றவரை' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் அதிகாரிகளின் விருப்புரிமையும் அரசியல் கட்சிகளின் அக்கறையும் அடங்கிக் கிடக்கின்றன.

மக்கள்தொகை என்பதற்கும் அரசமைப்பு தனியே விளக்கம் தருகிறது: கடைசியாக நடந்து, எண்கள் வெளியிடப்பட்டுவிட்ட கணக்கெடுப்பின் தொகையே மக்கள்தொகை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், சட்டத்தின் கண்ணுக்குத் தமிழ்நாட்டு ஊர்கள் ஒவ்வொன்றும் 2011இல் இருந்தபடியே இருக்கின்றன. ஏரிக்கரையை ஒட்டி அதன்பின் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆயிரம் பேர் வாழ்ந்தாலும், வரையறைக் கணக்கில் அவ்விடம் வெற்று மனைதான். வாக்காளர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்போர் உண்டு. ஆனால் சட்டம் எண்ணச் சொல்வது வாக்காளர்களை அல்ல, குழந்தைகள் உள்ளிட்ட குடியிருப்போர் அனைவரையும். கவுன்சிலர் கவனிக்க வேண்டிய குடிநீரும் குப்பையும் வாக்குரிமை வயதைப் பார்த்து வருவதில்லை என்பதால் அது நியாயமான ஏற்பாடே. பழைய எண்களை வைத்துக்கொண்டு அதைச் செய்வதில்தான் நியாயம் தேய்ந்துபோகிறது.

சென்னையின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2011இல் ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, வார்டுகளின் எண்ணிக்கை 155இலிருந்து 200ஆக மட்டுமே உயர்ந்தது. பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107ஆகச் சுருக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் தரப்பட்டன. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி பழைய நகரத்தில் ஏறக்குறைய 46 லட்சம் பேரும், விரிந்த மாநகரம் முழுவதிலும் ஏறக்குறைய 67 லட்சம் பேரும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால், பழைய நகரத்தில் வார்டுக்குச் சராசரியாக 43,000 பேர், சேர்ந்த பகுதிகளில் 22,000 அல்லது 23,000 பேர். திருவல்லிக்கேணியின் ஒரு சந்துவாசியினுடைய வாக்கு, மாநகர எல்லையோரத்தில் குடியிருப்பவரின் வாக்கில் ஏறத்தாழப் பாதி எடைதான் பெற்றது என்பதே இதன் பொருள். அதேவேளை, அதன்பின் வீடுகள் மளமளவென்று பெருகியதும் சோழிங்கநல்லூர், பெருங்குடி போன்ற அந்தச் சேர்ந்த பகுதிகளில்தான்; ஆகவே அன்று பிழையாக இருந்த பங்கீடு காலத்தால் தானாகவே ஓரளவு நேராகி வந்திருக்கக்கூடும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

கோடு தரையில் எப்படி விழுகிறது என்பது அடுத்த கேள்வி. கணக்கெடுப்புக்காக ஊர் முழுவதும் சில நூறு பேர் கொண்ட சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வார்டுகள் இக்கூறுகளைச் சேர்த்துக் கட்டப்படுகின்றன. எளிதில் கண்டறியத்தக்க எல்லை வேண்டும் என்பதால் பெரும்பாலும் சாலையின் நடுவே கோடு செல்கிறது. விளைவாக, ஒரே தெருவின் ஒற்றைப்படை எண் வீடுகள் ஒரு வார்டிலும் எதிர்ச்சாரி வீடுகள் அடுத்த வார்டிலும் அமைய, தெருவிளக்கு எரியாவிட்டால் இடப்பக்கத்தார் ஒரு கவுன்சிலரையும் வலப்பக்கத்தார் வேறொருவரையும் தேடிப் போகிறார்கள். இருவருமே கம்பம் தம் பக்கத்தில் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியே பட்டியல் தயாரிக்கப்படுவதில்லை; சட்டமன்றப் பட்டியலே தெரு தெருவாகப் பிரித்து வார்டுகளுக்குள் பொருத்தப்படுகிறது. பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு எண்கள் வழங்கும் தெருவில் இப்பொருத்தம் பிசகினால், ஒரே வீட்டில் கணவரின் பெயர் ஒரு வார்டிலும் மனைவியின் பெயர் மற்றொன்றிலும் போய் நிற்கும்.

இவையெல்லாம் தொல்லைகள், கோட்டின் உண்மையான கனம் இடஒதுக்கீட்டில்தான் தெரிகிறது. ஓர் உள்ளாட்சியில் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப இத்தனை வார்டுகள் அவர்களுக்கு என்று முடிவான பின், அவர்கள் மிகுதியாக வாழும் வார்டிலிருந்து இறங்குவரிசையில் அந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. பேச்சுக்கு 18,000 பேர் வாழும் ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொள்ளலாம்: 18 வார்டுகள், வார்டுக்கு ஆயிரம் பேர், அவர்களில் 3,000 பேர் பட்டியல் சாதியினர். ஆறில் ஒரு பங்கு என்பதால் எப்படிக் கோடு போட்டாலும் மூன்று வார்டுகள் அவர்களுக்கு உண்டு. அதை எவராலும் குறைக்க முடியாது. ஆனால் அவர்களில் 1,200 பேர் ஊருக்குக் கிழக்கே ஒரே காலனியில் சேர்ந்து வாழ்வதாகக் கொண்டால், அக்காலனியை இரண்டு வார்டுகளுக்குள் வைக்கும்போது ஒவ்வொன்றிலும் அறுநூறு பேர் என்று அவர்களே பெரும்பான்மையாகி, தங்களுக்கு வேண்டிய ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதே காலனியை நடுவில் நாலாகக் கிழித்து நான்கு வார்டுகளோடு ஒட்டினால் ஒவ்வொன்றிலும் முந்நூறு பேர். அவற்றில் ஒரு வார்டு ஒதுக்கீட்டுக்குள் வந்தாலும், வேட்பாளர் காலனிக்காரராகவும் அவரை வெல்ல வைப்பவர்கள் மற்றத் தெருக்காரர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். முதலாமவர் காலனிக்குப் பதில் சொல்வார். இரண்டாமவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வரைபடங்களிலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், சட்டமும் மீறப்பட்டிருக்காது. மறுவரையறை வரைவு வெளியாகும்போது வார்டுவாரி மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அமைதி அடைவோர் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான்.

கிராமங்களில் இதே வினா குக்கிராமங்களின் வடிவில் எழுகிறது. தமிழ்நாட்டின் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகளுக்குள் 79,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. தாய்க்கிராமத்திலிருந்து தொலைவில் இருக்கும் நாற்பது வீட்டுக் குக்கிராமம் ஒன்று, தலைக்கணக்கு போதாமல் பெரிய ஊரின் ஒரு தெருவோடு சேர்க்கப்பட்டுவிட்டால், அதற்கென்று ஒரு வார்டு உறுப்பினர் வாய்ப்பது அரிது.

கோடு தேர்தலின் காலத்தையும் தீர்மானிக்கிறது என்பதைக் கடந்த பத்தாண்டு காட்டிவிட்டது. 2016 அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் நடைபெற இருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அம்மாதமே பதவிக்காலம் முடிய, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2011 கணக்கெடுப்பின்படி வார்டுகளை வரையறுக்க 2017இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, மாநிலத் தேர்தல் ஆணையரின் தலைமையில் மறுவரையறை ஆணையம் அமைந்தது. அதன் வரைவு 2017 டிசம்பர் இறுதியிலும், ஆட்சேபங்களைக் கேட்டு முடித்த இறுதி வடிவம் 2018 டிசம்பரிலும் வெளிவந்தன. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டதால் மாவட்ட ஊராட்சி வார்டுகளின் சட்டகமே மாறிப்போனது. பிரிவினையால் பாதிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடித்த பின்பே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 6ஆம் நாள் கூற, எஞ்சிய 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் அம்மாத இறுதியிலும், இந்த ஒன்பதும் 2021 அக்டோபரிலும், 12,838 வார்டுகள் கொண்ட நகர்ப்புற உள்ளாட்சிகள் 2022 பிப்ரவரி 19ஆம் நாளிலும் வாக்களித்தன. 2011இல் ஒரே அக்டோபர் மாதத்தில் வாக்களித்த மாநிலம் இவ்வாறு மூன்று நாட்காட்டிகளில் நடக்கத் தொடங்கியது. முதலில் வாக்களித்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன.

மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கிலும், 2022இல் மத்தியப் பிரதேசத்தைப் பற்றிய சுரேஷ் மகாஜன் வழக்கிலும் தெளிவாகவே கூறியிருக்கிறது. இருந்தும் பெங்களூரு மாநகராட்சி 2020 செப்டம்பரில் மன்றத்தை இழந்த பின், அதன் வார்டுகள் 198இலிருந்து 243ஆகவும், அங்கிருந்து 225ஆகவும் தாளில் மாறிக்கொண்டிருந்தனவே தவிர, அவற்றில் எதற்கும் தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்குள் தேர்தல் என்பது கட்டாயம். வரையறையை எப்போது தொடங்குவது என்பது அரசின் விருப்பம். இவ்விரண்டும் மோதும் இடத்தில் வெல்வது பெரும்பாலும் பின்னதே.

தமிழ்நாட்டில் எல்லைகள் இன்னும் ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவை மாநகராட்சிகளாகி, மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25ஆனது. நகரங்கள் சுற்றுப்புற ஊராட்சிகளை இழுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் வருவதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமன்று: ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தபின் ஊரக வேலை உறுதித் திட்டம் நின்றுபோகிறது, வீட்டுவரி ஏறுகிறது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தலைவருக்குப் பதில் பல ஊர்களுக்குப் பொதுவான ஒரு கவுன்சிலர் வருகிறார்.

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில் ஊர், வட்டம், வார்டு எல்லைகள் மாறக்கூடாது என்பதால், 2025 டிசம்பர் 31இல் நிர்வாக எல்லைகள் உறைநிலைக்குக் கொண்டுவரப்பட்டன. ஏரிக்கரை அடுக்குமாடியின் ஆயிரம் பேரும் வார்டுக் கணக்கில் ஏறுவது, அந்த எண்கள் வெளியாகி அவற்றின் மேல் புதிய கோடு வரையப்பட்ட பிறகுதான்.