மூத்தம்மாவிடம் கேட்டீர்களா?

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 100 பேரில் 7 பேர்கூட இல்லை. 2012இல் அது 12ஐத் தாண்டியது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் போகிறது. பிள்ளைப்பேறு குறைந்தது, ஆயுள் நீண்டது, காரணம் அவ்வளவுதான். முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகள் சற்று அதிகம் என்பதால் நம்மிடம் இந்த மாற்றம் கொஞ்சம் பிந்தி வருகிறது. ஆனாலும் வருகிறது.

எண்ணிக்கை கூடும்போது மதிப்பும் கூட வேண்டுமல்லவா? நடப்பதோ வேறு. முன்பெல்லாம் ஒரு தெருவுக்கு ஒரு மூத்தம்மாதான் இருப்பார். கலியாணப் பேச்சு வந்தால் முதலில் அவரிடம்தான் போவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வீட்டுத் தாய் பாலூட்டினாள் என்பது எந்தப் பதிவுப் புத்தகத்திலும் இல்லை. அவர் நெஞ்சில்தான் இருந்தது. பால்குடி உறவில் நிக்காஹ் ஹராம் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று வீட்டுக்கு வீடு மூத்தம்மா இருக்கிறார். ஆனால் தரகர் வந்துபோன செய்தியைக்கூட அவருக்குச் சொல்வதில்லை. "நீங்க சும்மா இருங்க உம்மா, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்கிறோம். பெற்றோரைப் பார்த்து "சீ" என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று அல்லாஹ் பனூ இஸ்ராயீல் ஸூராவில் தடுத்திருக்கிறான். இந்த "சும்மா இருங்க" அந்தச் "சீ"யின் தங்கச்சிதானே?

யார் முதியவர் என்பதில் அரசாங்கத்துக்கே தடுமாற்றம். அரச ஊழியரின் ஓய்வு வயதை 2022இல் 65 ஆக்கினார்கள். 2023 தொடக்கத்திலிருந்து 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். பென்ஷன் கடிதம் வந்த மறுநாளே மனிதனின் புத்தி மங்கிவிடுமா என்ன?

கஸஸ் ஸூராவில் மத்யன் நகரத்து இரு பெண்களின் சம்பவம் வருகிறது. தந்தை மிக வயதானவர் என்பதால் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் பாரத்தை அவர்களே சுமந்தார்கள். மூஸா (அலை) அவர்கள் உதவினார்கள். பிறகு என்ன நடந்தது? மகள்களில் ஒருத்தி அவரை வேலைக்கு வைக்கும்படி யோசனை சொன்னாள். அவரை அழைத்து விபரம் கேட்டவரும், ஆறுதல் சொன்னவரும், தவணை குறித்து மகளை மணமுடித்துத் தர முன்வந்தவரும் அந்த முதியவரே. கிணற்றடிக்குப் போகத்தான் அவருக்குப் பலமில்லை. குடும்பத்தை நடத்தும் தகுதி போகவில்லை. மகள்மார் வேலையை எடுத்துக்கொண்டார்கள், வாப்பாவின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நாமோ சோறு கொடுத்து, மருந்து கொடுத்து, பேச்சை மட்டும் பறித்துக்கொள்கிறோம்.

கிழக்கிலங்கைச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மகளின் நிக்காஹ்வுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவது நம்மிடம் பழகிப்போன விஷயம். இந்தச் சீதன வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு. ஒதுங்கிய பின் சில வருடமே வாழ்ந்த காலத்தில் அதன் பாதிப்பு வெளியே தெரியவில்லை. இப்போது 20, 25 வருடம், தான் கட்டிய வீட்டின் வாசலில் ஒரு தாய் விருந்தாளியைப் போல நிற்கிறாள். ஹயாத்தோடு இருக்கும்வரை, தான் குடியிருக்கும் கூரையாவது தன் பேரில் இருக்கட்டும் என்று எந்த உம்மாவும் கேட்கலாம். அது பேராசையல்ல.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிடலாம். நம் பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூசுவார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்!

பராமரிப்பு என்றதும் எல்லாரும் ஒருத்தியையே பார்க்கிறார்கள். மகள், இல்லாவிட்டால் மருமகள். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது மார்க்கம் விதித்த கடமையல்ல என்றே ஃபிக்ஹு அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். அவள் செய்வது இஹ்ஸான், அதற்குப் பெரும் கூலி உண்டு. கடமை மகனுடையது. கட்டாரிலிருந்து மாதம் தவறாமல் காசு அனுப்புகிறவர் நல்லவர்தான். ஆனால் இரவில் மூன்று தரம் எழுந்து உம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறவளுக்குத் துணையாக ஓர் ஆளை வைக்கவும் அந்தக் காசில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அடுத்த முறை அவர் தொலைபேசியில் பேசும்போது இதைக் கேளுங்கள். உம்மாவின் கையிலும் தொலைபேசியைக் கொடுங்கள். காணி விஷயமானாலும் கலியாண விஷயமானாலும், அவர் முதலில் பேசட்டும்.